யாருடைய கையில் கத்தரி?

கேள்வி: இணையத்தில் பொய்யும் வசையும் கொட்டிக் கிடக்கின்றன. அரசாங்கம் கொஞ்சம் கத்தரி போட்டால் உடனே கருத்துச் சுதந்திரம் என்று கொடி பிடிக்கிறீர்கள். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? – வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தப்பு செய்யாதவருக்கும் பயம் வரும், ஐயா. எது தப்பு என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதுதான் விஷயம்.

எல்லாத் தணிக்கையையும் நான் எதிர்க்கவில்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை எவனோ வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டால், அதை உடனே நீக்கத்தான் வேண்டும். வக்கீல் வைத்து வழக்குப் போட்டு மாதக்கணக்கில் காத்திரு என்று அவளிடம் சொல்வது இன்னொரு கொடுமை. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் நேரே போய் முறையிட ஓர் ஆணையம் அமைக்க, 2025 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. முழு மனதோடு ஆதரிக்கிறேன். இனப்பகையைக் கிளறும் பதிவுகளுக்கும் தடை வேண்டும். 1964 கலவரத்தைப் பார்த்த ஊர் இது.

ஆனால் பொஃப்மா (POFMA) எனப்படும், இணையப் பொய்ச்செய்திகளுக்கு எதிரான சட்டம் வேறு கதை. 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. ஒரு தகவல் பொய், அதைத் திருத்துவது பொதுநலனுக்குத் தேவை என்று கருதினால் எந்த அமைச்சரும் உத்தரவு போடச் சொல்லலாம். பெரும்பாலும் பதிவை நீக்கச் சொல்வதில்லை, பக்கத்தில் திருத்தக் குறிப்பு போட்டால் போதும் என்பார்கள். சரி, அது நீக்குவதைவிட மேல்தான். ஆனால் அந்த உத்தரவு தவறென்று நீங்கள் நினைத்தால் முதலில் யாரிடம் போகவேண்டும் தெரியுமா? அதே அமைச்சரிடம். அவர் மறுத்த பிறகுதான் உயர் நீதிமன்றம். அதுவரை குறிப்பு அப்படியே இருக்கவேண்டும். பணியாத தனிமனிதருக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தம் அமைச்சின் கொள்கையை விமர்சித்த கட்டுரைக்கு அமைச்சரே முதல் நீதிபதி என்றால், அதை எப்படி ஏற்பது?

ஃபேஸ்புக்குக்கு வக்கீல் பட்டாளமே உண்டு. வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? எங்களுக்கு வரும் சில கட்டுரைகளோடு ஒரு குறிப்பும் வரும்: “இந்தப் பத்தி பிரச்சினை என்றால் எடுத்துவிடுங்கள்.” அந்தப் பத்தியில் வசையும் இருக்காது, பொய்யும் இருக்காது. வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் குத்தகைக்காலம் முடிந்தால் என் பேரப்பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விதான் இருக்கும். குடிமகன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. அதை எழுதிய கையே அதை அடித்து நீக்கவும் தயாராக இருக்கிறது. இந்தப் பயத்தைத்தான் சொல்கிறேன், ஐயா.

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடியுங்கள் என்ற செய்தியோ, குடும்பக் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அனுப்பிய சித்தப்பாவிடம் நாம்தான் பேசவேண்டும்.

பொய்யைத் தடுக்கச் சட்டம் இருக்கட்டும். அமைச்சர் விண்ணப்பிக்கட்டும், நீதிபதி முடிவு செய்யட்டும். அவசரம் என்றால் இடைக்கால உத்தரவை அன்றைக்கே கேட்டு வாங்கலாம். எழுதியவரின் பக்கத்தையும் நீதிபதி கேட்ட பிறகு அது நிலைக்கட்டும், அல்லது ரத்தாகட்டும்.