வேண்டாத நத்தைகள்: உப்புநீர்த் தொட்டி பற்றிய வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு அடி நீளமுள்ள உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. பவளம் ஒட்டிய கல் ஒன்றை வாங்கி வைத்த சில மாதங்களில், இரவு விளக்கை அணைத்ததும் கண்ணாடி முழுவதும் மிளகைவிடச் சிறிய நத்தைகள் ஊரத் தொடங்கிவிட்டன. மீன் கடையில் நத்தைக்கொல்லி மருந்து ஒரு புட்டி கொடுத்தார்கள். அதை ஊற்றலாமா? அல்லது கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. புட்டியைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நத்தைக்கொல்லி என்று விற்கப்படும் மருந்துகளில் பல, நன்னீர்த் தொட்டிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் செம்பு உப்பு. கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு, மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றிச் செம்பு மருந்து கொடுக்கும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவே பயன்படுத்துகிறார்கள். மீன்கள் தாங்கிக்கொள்ளும் அந்தச் சிறிய அளவே இறாலையும் பவளத்தையும் சிப்பியையும் நட்சத்திர மீனையும் கொன்றுவிடும். மேலும், சுண்ணாம்புத் தன்மை கொண்ட கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் விடுவதால், தண்ணீரை முழுவதும் மாற்றினாலும் அந்தத் தொட்டியில் பவளம் வளர்ப்பது நெடுங்காலத்துக்கு ஐயத்துக்குரியதாகிவிடும். நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் இறந்து கற்களின் இடுக்கில் அழுகினால் எழும் அமோனியா வேறு இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் குளிரூட்டி இல்லாத தொட்டியின் நீரில் உயிர்வளி ஏற்கெனவே குறைவாக இருப்பதால், நத்தைகளுக்குப் பிறகு மீன்களின் முறை வரும்.

கொதிநீர் யோசனை அதைவிட ஆபத்தானது. அது தொட்டிக்கல்ல, உங்கள் குடும்பத்துக்கு ஆபத்து. பொத்தான் வடிவில் கூட்டமாக வளரும் சோவாந்திட் வகைப் பவளங்களில், குறிப்பாகப் பாலித்தோவா இனத்தில், பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும். சூட்டினால் அந்த நஞ்சு எளிதில் அழிவதில்லை. கல்லைக் கொதிக்க வைத்தபோது எழுந்த ஆவியைச் சுவாசித்து வீட்டிலிருந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. இப்படிப் பவளமும் பிற உயிர்களும் ஒட்டியிருக்கும் பாறையைச் சமையலறைக்குள் கொண்டு போகவே கூடாது.

இனி நத்தைகளைப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருக்கும் அளவையும், பகலில் மறைந்து இரவில் கண்ணாடிக்கு வரும் பழக்கத்தையும் கொண்டு பார்த்தால், அவை கொலோனிஸ்டா எனப்படும் குட்டி நத்தைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். முழு வளர்ச்சியடைந்தாலும் சில மில்லிமீட்டரைத் தாண்டாத உருண்டை ஓடு கொண்ட இவை, கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்பவை, பவளத்தைத் தொடுவதில்லை. ஓடு மிகச் சிறிதாக, உடல் வெளியே தெரிய, விரைந்து நழுவி ஓடுபவை தென்பட்டால் அவை ஸ்டொமட்டெல்லா, அவற்றையும் விட்டுவிடுங்கள். நீண்ட கூம்பு ஓட்டுடன் மணலில் புதைந்து கிடக்கும் செரித் நத்தைகளைக் காசு கொடுத்து வாங்குவோர் உண்டு. எனவே மாலையில் ஒரு டார்ச் விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, அவை எங்கே மேய்கின்றன என்று சில இரவுகள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கண்ணாடியில் மேய்பவை நண்பர்கள். பவளத்தின் சதை மீதோ மற்ற நத்தைகளின் ஓட்டு விளிம்பிலோ ஒட்டிக்கொண்டிருப்பவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நண்பர்களாகவே இருந்தாலும் எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்றால், அங்கே தீனி மிகுந்துவிட்டது என்று பொருள். மீன்கள் உடனே தின்று முடிக்கும் அளவுக்கே உணவு இடுவது, உறைந்த இறாலை உருகவைத்த நீரை வடித்துவிடுவது, அடிமணலில் தங்கும் கழிவைத் தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுப்பது, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) கோப்பையை அடிக்கடி கழுவுவது ஆகிய நான்கையும் ஒழுங்காகச் செய்தாலே சில வாரங்களில் கூட்டம் தானாகக் குறையும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதித்துப் பார்த்தால் எவ்வளவு மிகுதி என்பதும் தெரிந்துவிடும். அதுவரை கண்ணுக்கு உறுத்தலாக இருந்தால், வாய் அகன்ற சிறு கண்ணாடிக் குப்பியில், பேரங்காடிகளில் கிடைக்கும் உப்பிடாத நோரி கடற்பாசித் துண்டு ஒன்றைக் கல்லால் அழுத்தி வைத்து, விளக்கணைத்தபின் மணல் மேல் சாய்த்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் உள்ளே கூடியிருப்பவற்றை அப்படியே அகற்றலாம். எனக்குத் தெரிந்த முறைகளில் தொட்டிக்குக் கெடுதல் இல்லாதது இதுவே.

கேள்வி: எங்கள் தொட்டியின் பாறைகளில் முள் போன்ற கெட்டியான குழாய்கள் முளைத்திருக்கின்றன. அவற்றின் வாயிலிருந்து நூலாம்படை போல ஏதோ மிதக்கிறது. அருகிலுள்ள பவளங்கள் விரிவதே இல்லை. இவை புழுக்கள் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: குழாயில் வாழ்வதால் புழு என்று நினைப்பது இயல்பே. குழாய்ப் புழுக்களுக்கு வாய்ப்பகுதியில் விசிறி போல விரியும் இறகுக் கிரீடம் இருக்கும். நிழல் பட்டாலே அதைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் குழாய்களில் இறகு இல்லை, இழை மட்டுமே இருக்கிறது என்றால் அவை வெர்மெட்டிட் என்னும் நத்தைகள். இளமையில் ஊர்ந்து சென்று ஓரிடத்தில் ஓட்டைப் பதித்துக்கொண்டபின் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கி, சளியால் வலை வீசி, நீரில் மிதக்கும் துகள்களை அதில் ஒட்டவைத்து, பிறகு வலையோடு சேர்த்து விழுங்கும் விந்தையான உயிரினம் இது. உங்கள் பவளங்களைத் தொல்லைப்படுத்துவது அந்தச் சளிவலைதான்.

இத்தொல்லையைச் சிறிதென்று ஒதுக்க முடியாது. பிரெஞ்சு பொலினீசியாவின் மூரேயா தீவில் பெரிய வகை வெர்மெட்டிட்டை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அது அருகிலிருந்த பவளங்களின் வளர்ச்சி 81 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டார்கள். வீட்டுத் தொட்டிக்கு வருபவை அதைவிடச் சிறியவை என்றாலும், ஒரே கல்லில் நூறு குழாய்கள் முளைக்கும்போது அளவு ஒரு பொருட்டல்ல. பல வகைகள் முட்டைகளைக் குழாய்க்குள்ளேயே காத்து, ஊரத் தெரிந்த குஞ்சுகளாக வெளிவிடுவதால், மிதக்கும் பருவத்தில் வடிகட்டியில் சிக்கி அழிந்துபோகும் வாய்ப்பும் குறைவு. ஆகவே நான்கைந்து குழாய்களைப் பார்த்தவுடனேயே வேலையைத் தொடங்குவது நல்லது.

எடுக்கக்கூடிய கல்லாக இருந்தால், தொட்டிநீர் நிரப்பிய வாளியில் வைத்து, குறடால் குழாயை அடியோடு பெயர்த்தெடுங்கள். மேல்நுனியை மட்டும் ஒடித்தால் நத்தை உள்ளே சுருங்கிக்கொண்டு, மீண்டும் குழாயைக் கட்டி மேலே வரும். ஒடிந்த விளிம்பு சவரக் கத்திபோல் கூர்மையாக இருக்குமாதலால் தடித்த கையுறை கட்டாயம் வேண்டும். எடுக்க முடியாத கல்லாக இருந்தால், பம்புகளை நிறுத்திவிட்டு, குழாயின் வாயைக் கெட்டிப் பதமான சூப்பர் குளூவால் அடைத்துவிடுங்கள். சயனோஅக்ரிலேட் ஜெல் என்று உறையில் எழுதியிருக்கும். பவளத் துண்டுகளை ஒட்டுவதற்கு எல்லோரும் பயன்படுத்தும் அதே பசைதான், நீருக்கடியிலும் இறுகிவிடும். ஒழுகும் பதத்தில் இருக்கும் சாதாரணப் பசை மிதந்து போய்ப் பவளத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதை வாங்காதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிட நினைக்காமல், வாரம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இறப்பவை நீரைக் கெடுக்கா.

இதோடு உணவையும் கட்டுப்படுத்தாவிட்டால் அடைக்கும் வேலை முடியவே முடியாது. பவளத்துக்கென்று விற்கப்படும் தூள் உணவும், மிதவைப் பாசித் திரவமும் வெர்மெட்டிட்டுக்கு நேரே வாயில் ஊட்டுவது போலாகும். சில மாதங்களுக்கு அவற்றை நிறுத்தி, வடிகட்டிப் பையை இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கறுப்பும் மஞ்சளும் வரிவரியாக அமைந்த பம்பிள்பீ நத்தை இவற்றைத் தின்னும் என்று கடைகளில் சொல்வார்கள். சில தொட்டிகளில் தின்கின்றன, சிலவற்றில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை; அவை மற்ற சிறு நத்தைகளையும் புழுக்களையும் வேட்டையாடக் கூடியவை என்பதையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நான் பசையையே நம்புவேன்.

கேள்வி: பெருஞ்சிப்பி ஒன்றை ஆசையாக வளர்க்கிறேன். சில நாள்களாக அதன் சதை மடல் முழுதாக விரியவில்லை. ஓட்டின் அடிவிளிம்பில் அரிசி நொய் அளவில் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருக்கின்றன. இவையும் பாசி தின்பவைதானா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: இல்லை, ஐயா. நீங்கள் விவரிக்கும் வெண்மையான, கூர்நுனி கொண்ட குட்டி நத்தைகள் பிரமிடெல்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிகள். மற்ற நத்தைகளிடம் உள்ள சுரண்டும் நாக்கு இவற்றுக்கு இல்லை. நீளும் உறிஞ்சுகுழாயின் முனையிலுள்ள ஊசியால் சிப்பியின் சதையைத் துளைத்து உடல்நீரைக் குடிக்கின்றன. பகலில் ஓட்டின் இடுக்கிலும் சிப்பி கல்லைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியிலும் ஒளிந்திருந்து, இரவில் மடல் விளிம்புக்கு ஏறி வரும். ஒன்றிரண்டைப் பெரிய சிப்பி தாங்கும். குட்டிச் சிப்பியை ஒரு கூட்டம் சில வாரங்களில் கொன்றுவிடும்.

சிப்பி கல்லோடு இழைகளால் பிணைந்திருந்தால் பிடுங்கி இழுக்காமல், கல்லோடு சேர்த்துத் தொட்டிநீர் நிரப்பிய ஏனத்துக்கு மாற்றுங்கள். இழைகள் வேரோடு பிய்ந்தால் அந்தக் காயமே சிப்பியை முடித்துவிடும். மென்மையான புதிய பல்துலக்கியால் ஓட்டின் வெளிப்புறத்தையும் மடிப்புகளையும் அடிப்பகுதியையும் தேய்த்து, சதையைத் தொடாமல், நத்தைகளோடு ஒளி ஊடுருவும் கூழ்த்திட்டுகளாக ஒட்டியிருக்கும் முட்டைகளையும் நீக்குங்கள். முட்டைகளை விட்டுவிட்டால் பத்து நாளில் பழைய கதை தொடங்கும். ஏனத்து நீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. புதிதாக ஒன்றுகூடக் கண்ணில் படாத நிலை பல வாரங்கள் நீடிக்கும்வரை, சில நாள்களுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் டர்போ, டிரோக்கஸ் நத்தைகளின் ஓட்டையும் பார்த்துவிடுங்கள். அவற்றை உறிஞ்சும் வகைகளும் உண்டு.

ஆறுகோட்டு ராஸ் மீனும், மஞ்சள் நிற ஹாலிகோரஸ் ராஸ் மீனும் பகலில் வெளிப்படும் பிரமிடெல்லிட்டுகளைக் கொத்தித் தின்னும். முன்னது பின்னர் வரும் சிறு மீன்களை விரட்டி அடிக்கும் முரடு. பின்னது சாது, ஆனால் இரவில் புதைந்து உறங்க மெல்லிய மணலும், துள்ளி வெளியே விழாதிருக்க வலை மூடியும் வேண்டும். மீன் பகலில் வேட்டையாடும், நத்தையோ இரவில் நடமாடும்; ஆகையால் மீன் வாங்கிவிட்டோம் என்று பல்துலக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நன்னீர்த் தொட்டியில் அசாசின் நத்தைகளை விட்டேன், மற்ற நத்தைகள் ஒழிந்தன. உப்புநீரிலும் விடலாமா? அல்லது பேத்தை மீன் நல்லதா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: அசாசின் நத்தை நம் தென்கிழக்காசிய ஆறு குளங்களைச் சேர்ந்த நன்னீர் உயிர்; கடல்நீரில் இறந்துவிடும். பேத்தை மீன் நத்தைகளைத் தின்னும் என்பது மெய். ஆனால் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா நத்தைகளையும் தின்று, இறாலையும் முடித்து, பின் பவளத்தையும் கொறிக்கத் தொடங்கும். மீன்கள் மட்டுமே உள்ள தொட்டியாக இருந்தால் விடலாம்.

கேள்வி: எங்கள் தொட்டியில் சோவாந்திட் கூட்டத்தின் நடுவே பவளப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வருகின்றன. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட அழகான தட்டை நத்தை ஒன்று அங்கே இருக்கிறது.
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அழகில் மயங்காதீர்கள். அது ஹெலியாகஸ் நத்தை. சோவாந்திட்டே அதன் உணவு. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கக்கூடும் என்பதால் தண்டுகளின் அடியில் இரவிலும் தேடுங்கள். இனி வாங்கும் பவளத் துண்டுகளை அவை ஒட்டியிருக்கும் பீடத்திலிருந்து பெயர்த்துப் புதிய பீடத்தில் ஒட்டி, நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேருங்கள். அயோடின் குளியல் ஊர்பவற்றில் சிலவற்றை உதிர்க்குமே தவிர, முட்டைகளை அழிக்காது. காத்திருப்பதற்கு மாற்று இல்லை.

கேள்வி: பத்து பெரிங்கி கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கும் நத்தைகளைத் தொட்டியில் விடலாமா? வேண்டாத நத்தைகளைக் கடலிலேயே விட்டுவிடலாமா?
– வாசகி, தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: இரண்டுக்கும் விடை கூடாது என்பதே. கரையில் கிடைப்பது எதைத் தின்னும் என்று தெரியாமல் தொட்டிக்குள் விட்டால், மேலே சொன்ன தொல்லைகளில் ஒன்றை நீங்களே அழைத்து வந்தவராவீர்கள். பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை ஒடுங்கியும், அழகிய கோலங்களோடு இருக்கும் கூம்பு நத்தை உயிரோடு இருந்தால் தொடக் கூடாது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழும் அக்குடும்பத்தில் மனிதரைக் கொன்ற இனமும் உண்டு.

தொட்டியில் வளர்ந்தவை எந்த நாட்டுக் கடலிலிருந்து வந்தன, என்ன நோயைச் சுமக்கின்றன என்று சொல்ல முடியாததால், அவற்றைக் கடலிலோ கால்வாயிலோ விடக் கூடாது. நெகிழிப் பையில் கட்டி, உறைபெட்டியில் ஓரிரவு வைத்தபின் குப்பையில் போடுங்கள். பாறையை வைத்துச் சுத்தம் செய்த வாளியின் நீரையும் அப்படியே சாக்கடையில் ஊற்றிவிடாமல், சலவை வெளுப்பான் கலந்து ஒரு நாள் வைத்திருந்து பிறகு கொட்டுங்கள்.