திருகோணமலையில் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க ஊரில் யார் உதவுவார்கள்?

பாரிசவாதத்தால் படுத்திருக்கும் அம்மாவுக்கு மாதாந்தக் கொடுப்பனவு எடுக்க, யாரைத் துணைக்குக் கூப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அந்தக் கொடுப்பனவு, 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ரூபாய்.

செல்வாக்கான ஆளைத் தேட வேண்டாம். இந்த அலைச்சலை ஏற்கெனவே பட்டு முடித்த வீடு ஒன்றைத் தேடுங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம், "எங்கட பிரிவில மாற்றுத்திறனாளிகள் சங்கம் இருக்கா, தலைவர் ஆர்?" என்று கேளுங்கள். இல்லையென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விசாரியுங்கள். படிவத்துக்குக் காசு கேட்பவரை மட்டும் கிட்டவும் சேர்க்காதீர்கள், அது இலவசம்.

துணைக்கு வருபவர் முதலில் செய்து தர வேண்டியது பெயர்ச் சரிபார்ப்பு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் தகப்பன் பெயர், இன்னொன்றில் கணவர் பெயர், மற்றதில் வெறும் முதலெழுத்து என்று இருந்தால் பணம் வரும் நேரத்தில் மறிபடும். ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். இடம்பெயர்ந்து வந்து அட்டையில் பழைய விலாசம் இருந்தால், இப்போதைய கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று எடுங்கள்.

அடுத்தது வைத்தியச் சான்றிதழ். கூடுதலான விண்ணப்பங்கள் பலவீனப்படுவது இதில்தான். "பாரிசவாதம்" என்று நோயின் பெயர் மட்டும் எழுதினால், அம்மாவால் என்ன செய்ய ஏலாது என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. வலது கையால் சோறு அள்ள முடியாது, மலசலகூடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், படுக்கையில் தானாகப் புரள முடியாது என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியோடு அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் கொடுத்து, அவற்றையும் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். அயலவரை இதற்குக் கேட்கத் தயங்காதீர்கள்.

மூலப் பத்திரங்களைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், போட்டோ கொப்பி போதும். ஒப்படைத்த திகதியையும் பெற்றுக்கொண்டவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் கிடக்க நேரலாம். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தமிழிலேயே கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும். அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை.