பொம்மைக்கு உல்லன் முடி: கொட்டாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: வீட்டிலேயே துணி பொம்மை தைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். பொம்மை 12 அங்குல உயரம். உல்லன் நூலை வெட்டி ஃபேப்ரிக் பசையால் தலையில் ஒட்டுகிறேன். ஒரு முறை துவைத்தால் போதும், முடி கொத்தாகக் கையோடு வருகிறது. பின்மண்டை வேறு வழுக்கையாகத் தெரிகிறது. தைத்தால் தலைத் துணி கிழிந்துவிடுமோ என்று பயம். எங்கள் பகுதிக்கு வரும் ஒருவர், ‘டால் ஹேர்’ என்று தனி நூல் இருக்கிறது, ஒரு பொம்மைக்குக் கால் கிலோ பிடிக்கும், மொத்தமாக எடுத்தால் பொம்மைகளை நானே விற்றுத் தருகிறேன் என்கிறார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், முதலில் முடியைப் பார்ப்போம்.

உங்கள் நூலில் குறை இல்லை. குறை ஒட்டுவதில் இருக்கிறது. எந்த கம்பெனிப் பசையை வாங்கினாலும் அது தீராது. கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் கிடையாது, எல்லாம் அக்ரிலிக்தான். மெல்லிய இழைகள் நான்கை முறுக்கி ஒரு நூலாக்கியிருப்பார்கள். பசை வெளியே இருக்கும் இழையை மட்டும் பிடிக்கிறது. குழந்தை இழுத்ததும் உள்ளே இருப்பவை நழுவிக்கொண்டு வந்துவிடும், பசை மட்டும் காய்ந்த பொருக்காகத் தலையில் நிற்கும். க்ளூ கன் வைத்து ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தப் பொம்மையை ஒரு மதியம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடியைத் தைக்கத்தான் வேண்டும். தைத்தால் துணி கிழியாது. தலையில் பஞ்சைத் தளர்வாக அடைத்திருந்தால்தான் தையல் இழுபட்டுக் கிழியும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? இன்னும் பஞ்சு போதவில்லை என்று அர்த்தம். கழுத்து வழியாக ஒரு பென்சிலை வைத்துக் குத்திக் குத்தி அடையுங்கள்.

அடுத்து தலைக்கு ஒரு தொப்பி. நான் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் எல்லோரும் இதைத் தாண்டிப் போகத்தான் பார்ப்பார்கள், விட மாட்டேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கறுப்பு காட்டன் பிளவுஸ் பிட் ஒன்று வாங்கினால் ஏகப்பட்ட தலைக்குக் காணும். முடி பழுப்பு என்றால் பழுப்புத் துணி. நெற்றிக்கோடு, காது, பிடரி வரை மூடும்படி வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துப் பொடித் தையலாகச் சுற்றிலும் தைத்துவிடுங்கள். இனி நூல் எங்கே விலகினாலும் அடியில் முடியின் நிறமே தெரியும், வழுக்கை என்ற பேச்சே இல்லை. தொப்பி போடாதவர்கள்தான் வழுக்கையை மறைக்க மேலும் மேலும் நூலை அடுக்கி, தலை கனத்து, பொம்மையின் கழுத்து தொங்கிப்போய் நிற்கிறார்கள். வெட்டும் முன் ஈரக் கைக்குட்டையை அந்தத் துணிமேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பும் மெரூனும் சாயம் விடும். நெற்றியில் இறங்கிய சாயம் எத்தனை துவைத்தாலும் போகாது.

இனி நூல். 10 அங்குல அகலத்தில் கெட்டியான அட்டை ஒன்று எடுத்து, அதில் நூலைத் தளர்வாகச் சுற்றுங்கள். இழுத்துச் சுற்றினால் வெட்டியதும் சுருங்கிக் குட்டையாகிவிடும். ஒரு பக்க ஓரத்தில் மட்டும் வெட்டினால் ஒவ்வோர் இழையும் 20 அங்குலம் வரும். இவற்றை ஒரு நோட்டுத் தாளின்மேல் இடைவெளி இல்லாமல் பரப்பி, சரியாக நடுவில் அதே நிறத்தில் மெல்லிய நாடா ஒன்றை வைத்து மெஷினில் ஓட்டுங்கள். அங்குலத்துக்கு 15 இழையாவது இருக்க வேண்டும். தையலைச் சின்னதாக வைத்து, போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. தாள் இல்லாவிட்டால் நூல் மெஷின் பல்லில் சிக்கிக்கொள்ளும். தைத்த பிறகு கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாளை வைக்காதீர்கள், மை ஏறும்.

நாடா அடியில் போகும்படி திருப்பினால், அந்தத் தையல் கோடுதான் பொம்மையின் வகிடு. உங்கள் பொம்மைக்கு 4 அங்குல வகிடு போதும், நெற்றியில் தொடங்கிப் பின்மண்டையின் பாதி வரை வரும். இதைத் தொப்பிமேல் வைத்து, தையல் நூலை இரட்டையாகக் கோத்துப் பின் தையல் (பேக் ஸ்டிச்) போடுங்கள். ஊசி துணியை மட்டும் குத்திக்கொண்டு வெளியே வரக் கூடாது, உள்ளே இருக்கும் பஞ்சையும் கொஞ்சம் கவ்வ வேண்டும். தலை பனியன் துணியில் தைத்தது என்றால் இதில் சோம்பலே கூடாது. முடித்ததும் பத்து இழையைச் சேர்த்துப் பிடித்துப் பொம்மையைத் தூக்குங்கள். வகிடு வாய் திறக்கிறதா? பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதுதான்.

பிறகு காதுக்கு மேலே இரண்டு பக்கமும் முடியை ஒதுக்கி, அடியிலிருந்து நாலு தையல் போட்டுப் பிடித்துவிட்டு ஜடை பின்னலாம். நுனியைத் தையல் நூலால் சுற்றி முடிச்சிடுங்கள். ரப்பர் பேண்டு நம் ஊர் வெக்கையில் இளகி நூலோடு ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். சுருள் முடி வேண்டுமென்றால் இன்னும் சுலபம்: நூலை ஸ்டீல் பின்னல் ஊசியில் நெருக்கமாகச் சுற்றி, இட்லிப் பானை ஆவியில் பத்து நிமிடம் வைத்து, நன்றாக ஆறியபின் கழற்றுங்கள். அக்ரிலிக் அந்தச் சுருளை விடாது. அதே காரணத்தால் பொம்மை முடிமேல் அயர்ன் பாக்ஸ் போகவே கூடாது.

இப்போது கால் கிலோவுக்கு வருவோம். அங்குலத்துக்கு 20 இழை என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், 4 அங்குலத்துக்கு 80 இழை. ஒவ்வொன்றும் 20 அங்குலம் என்றால் 1,600 அங்குலம், சுமார் 40 மீட்டர். நடுத்தரத் தடிமனுள்ள அக்ரிலிக் நூல் 100 கிராமில் ஏறக்குறைய 200 மீட்டர் இருக்கும். ஆக ஒரு பொம்மைக்கு 20 கிராம். சேதாரம், நெற்றிச் சுருள் எல்லாம் சேர்த்து 30 கிராம் போடுங்கள். அவர் சொல்லும் கால் கிலோவில் எட்டுப் பொம்மைக்கு முடி வைத்துவிடலாம்!

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த வியாபாரத்தை நன்றாகத் தெரியும். ஊதுபத்தி, பேப்பர் கவர், பொம்மை என்று பெயர்தான் மாறும். வீட்டில் மெஷின் வைத்திருக்கும் பெண்களாகப் பார்த்து வருவார்கள். முன்பணம் கட்டுங்கள், சரக்கு தருகிறோம், செய்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். முதல் தடவை பணம் ஒழுங்காக வரும், அதை நம்பி நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துவிடுவீர்கள். அடுத்த தடவை “ஃபினிஷிங் சரியில்லை, பார்ட்டி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க”. அதற்கடுத்த தடவை போனே எடுக்க மாட்டார். முன்பணமும் போய், அக்காவுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உண்மையாகவே பொம்மை வாங்குகிறவர் உங்களுக்குத்தான் அட்வான்ஸ் தருவார். உங்களிடம் எதற்குப் பணம் கேட்க வேண்டும்?

‘டால் ஹேர்’ என்று ஒன்று இருப்பது உண்மைதான். பிளாஸ்டிக் பொம்மைக்கு வைக்கும் வழுவழுப்பான செயற்கை முடி அது, துணி பொம்மைக்குத் தேவையில்லை. கிலோ கணக்கில் வருவது பெரும்பாலும் மில்லில் கழித்துக் கட்டிய நூல். மேலே ஒரு சுற்று பளபளவென்று இருக்கும், உள்ளே முழத்துக்கு ஒரு முடிச்சு. எப்போது கிலோ நூல் வாங்கினாலும் உள்ளேயிருந்து நாலு முழம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். நீங்கள் பேசாமல் பஸ் ஏறிப் பாரிமுனைக்குப் போங்கள். நாராயண முதலி தெரு, அதைச் சுற்றியுள்ள சந்துகள், எங்கே வேண்டுமானாலும் விசாரித்து உருண்டையாகவே வாங்குங்கள். லேபிளில் லாட் எண் எல்லா உருண்டைக்கும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே கறுப்பு இரண்டு கறுப்பாகத் தெரியும்.

விற்பதாகச் சொல்வதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்தும் ஏஜெண்டுகள் மிரட்டுகிறார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கன்டெய்னரில் இறக்குமதி செய்கிறவரையும் அடுப்படி ஓரத்தில் மெஷின் போட்டிருப்பவரையும் ஒரே உத்தரவில் கட்டிப்போட்டார்கள். அப்புறம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: மத்திய அரசின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு. அந்தப் பதிவுக்குத் தரும் ‘பெஹ்சான்’ அட்டைக்குக் கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது அவருடைய பைக்குத்தான். இத்தனையையும் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து ரேஷன் கடைக்கு ஒன்று ஒட்டினால் பாதி ஏஜெண்டுகளுக்குப் பிழைப்பு இருக்காது. அதை யார் செய்யப் போகிறார்கள்!

அட்டை கையில் இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் நூல் முடியே வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மை. எவ்வளவு கெட்டியாகத் தைத்தாலும் வேண்டாம். அந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும், பிடுங்கி வந்த நூல் தொண்டையில் சிக்கும். இன்னொரு ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை. மெல்லிய இழை ஒன்று குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிச் சிவந்துவிடும். குழந்தை விடாமல் அழும், வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அம்மாவின் தலைமுடி ஒற்றை இழை சுற்றியே இப்படி ஆவது உண்டு; குழந்தை மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முறுக்குப் பிரிந்த உல்லன் இழை அதைவிட நல்லதா?

வாங்க வருகிறவர்கள் சமாதானம் சொல்வார்கள். “எங்க பாப்பா வாயில வைக்கவே மாட்டா.” பார்க்காதபோது வைப்பாள். “முடியைக் குட்டையா வெட்டிக் குடுங்க.” குட்டை இழை இன்னும் சுலபமாக உருவிக்கொண்டு வரும். “இது பெரியவளுக்கு.” சரி, வீட்டில் தம்பி தவழ்கிறானா என்று கேளுங்கள். தவழ்கிறான் என்றால் பெரியவளுக்கும் அதே பொம்மைதான். இந்தப் பொம்மைக்குத் தொப்பியே முடி. அதன்மேல் சங்கிலித் தையலில் வகிடும் நாலு கோடும் போட்டு, பின்னால் துணியிலேயே சின்னக் கொண்டை வைத்துத் தைத்தால் அழகாகவே இருக்கும். பாசி, பட்டன், ஒட்டு மணி எதுவும் கூடாது.

துவைக்கும் விஷயம் அதிகம் இல்லை. பச்சைத் தண்ணீர், பிழியாமல் துண்டில் சுற்றி ஒற்றி, காற்றாடக் காயவையுங்கள். தலைக்குள் பஞ்சு காய நேரமாகும், நம் கடற்கரைக் காற்றில் இன்னும் தாமதம். அரைகுறையாகக் காய்ந்தால் வாடை வந்துவிடும்.

ஏற்கெனவே பசை போட்ட பொம்மைகள் வீட்டில் கிடக்கும்தானே? நூலைப் பிய்க்காதீர்கள், துணியும் சேர்ந்து வரும். கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டு, தொப்பியை வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். காய்ந்த பசையில் ஊசி இறங்காது. அதனால் வகிட்டை முதலிலேயே தொப்பியில் வைத்து மெஷினில் தைத்துவிட்டு, அப்புறம் தொப்பியைத் தலையில் மாட்டுங்கள். ஓரத் தையல் பசை முடிகிற இடத்துக்குக் கீழே நல்ல துணியில் விழ வேண்டும். நெற்றி ஒரு விரற்கடை இறங்கிவிடும், முன்னால் நாலு இழையைச் சுருட்டி விட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.