காரின் தொடுதிரை ஓட்டுநரின் கவனத்தை எவ்வளவு பறிக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: கவனச்சிதறலை எதை வைத்து அளக்கிறார்கள் ஐயா?

பதில்: முதலில் கண்ணை வைத்து. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாலையில் ஓட்டுவது போன்ற சூழலைக் காட்டும் சிமுலேட்டர் கருவியில் ஓட்டிக்கொண்டே திரையில் ஒரு வேலையைச் செய்யும் 24 பேரில் குறைந்தது 21 பேருக்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். சாலையை விட்டுப் பார்வை விலகும் தடவைகளில் 2 விநாடியைத் தாண்டுபவை 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. சராசரி விலகல் 2 விநாடிக்குள்ளும், வேலை முழுவதற்குமான மொத்த விலகல் 12 விநாடிக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த 24 பேரும் நான்கு வயதுப் பிரிவுகளிலிருந்து சமமாக எடுக்கப்பட வேண்டும் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். திரையை வடிவமைத்த இளம் பொறியாளர்களையே உட்கார வைத்துச் சோதித்தால் எந்தத் திரையும் தேறிவிடும்.

கேள்வி: இரண்டே பார்வையில், மொத்தம் 10 விநாடியில் வேலையை முடித்துவிட்டால் அது 12ஐவிடக் குறைவுதானே?

பதில்: குறைவுதான், ஆனால் அதுவே ஆபத்தானது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடிக்குள் கார் சுமார் 44 மீட்டர் கடக்கிறது; 5 விநாடி நீளும் ஒரே பார்வையில் 110 மீட்டருக்கு மேல் சாலையைக் காணாமலே ஓடிவிடுகிறது. ஆகவே மொத்த நேரத்தைவிட ஒவ்வொரு பார்வையின் நீளத்தையே நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சிமுலேட்டர் இல்லை. மாணவர்கள் வேறு எப்படிச் சோதிக்கலாம்?

பதில்: கண்மறைப்பு முறையைக் கையாளுங்கள், ஐஎஸ்ஓ 16673 தரநிலை அதை விவரிக்கிறது. நிற்கும் காரில், 1.5 விநாடி திறந்து 1.5 விநாடி மூடும் கண்ணாடியை அணிந்தபடி ஒருவர் வேலையைச் செய்ய வேண்டும். கண்ணாடி திறந்திருந்த மொத்த நேரம் அமெரிக்க வழிகாட்டுதலில் 12 விநாடியையும், ஜப்பானியக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் வழிகாட்டுதலில் 7.5 விநாடியையும் தாண்டக்கூடாது. அத்தோடு நிறுத்திவிடாமல், அதே வேலையை மறைப்பின்றிச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்திருந்த நேரம் அதைவிட அதிகமாக இருந்தால், ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடியே பார்வையைச் செலவழிக்கிறார் என்று பொருள். தானாக நகரும் பட்டியலும் சில விநாடிகளில் மறைந்துவிடும் மெனுவும் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

கேள்வி: குரல் கட்டளைக்குக் கண்ணே தேவையில்லையே, அது பாதுகாப்பானதுதானே?

பதில்: கண் சாலையில் இருந்தாலும் மனம் அங்கே இருக்க வேண்டும் அம்மா. அதை அளக்க ஐஎஸ்ஓ 17488 உள்ளது: 3 முதல் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு விளக்கு எரியும் அல்லது தோளருகே அதிர்வு தெரியும், உடனே விரலில் கட்டிய பொத்தானை ஓட்டுநர் அழுத்த வேண்டும். அழுத்தத் தாமதமாகவோ தவறவோ செய்தால் மனச்சுமை கூடியிருக்கிறது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், சில குரல் அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 விநாடி வரை கவனம் முழுமையாகத் திரும்பவில்லை எனக் கண்டார்கள்.

கேள்வி: பழைய பொத்தான்கள் திரும்பி வருமா?

பதில்: ஓரளவு வரும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹார்ன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதை மதிப்பெண்ணில் சேர்க்கிறது. ஏசியின் வெப்பநிலை மாற்றத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.