ஜப்பானிய டிவி நகைச்சுவை: கேள்வி பதில்

கேள்வி: மான்சாய் என்ற ஜப்பானிய ஜோடி நகைச்சுவை எப்போதுமே இரண்டு பேர் நின்று பேசுவதுதானா?

பதில்: இல்லை. புத்தாண்டில் வீடு வீடாகப் போய், கைமுரசு தட்டி வாழ்த்துப் பாடிய இரட்டையர் கலை அது. 1930களில் ஒசாகாவில் எந்தாட்சு, அச்சாகோ என்ற ஜோடி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு, பேச்சை மட்டும் வைத்துக்கொண்டது. டிவி மான்சாய்க்குப் பாதை போட்டவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: 'டகேஷிஸ் காஸில்' பற்றிச் சொல்லுங்களேன்?

பதில்: 1986 முதல் 1990 வரை வந்த விளையாட்டு நிகழ்ச்சி. நகைச்சுவை நிகழ்ச்சி அல்ல. அதில் கோட்டைத் தலைவராக வந்த நகைச்சுவையாளர் டகேஷி கிட்டானோவின் நகைச்சுவை வேண்டுமென்றால் 1980 வாக்கில் எழுந்த மான்சாய் அலையில், 'டூ பீட்' ஜோடியாக அவர் பேசியதைத் தேடுங்கள்.

கேள்வி: மான்சாயில் எதற்கெடுத்தாலும் தலையில் அடிக்கிறார்கள். இதுவா நகைச்சுவை?

பதில்: துண்டு வீடியோவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஜோடியில் ஒருவர் 'பொக்கே', கோணலாகப் பேசுபவர். மற்றவர் 'சுக்கோமி', அதை உடனே பிடித்துத் திருத்துபவர். சிரிப்பு வெடிப்பது பெரும்பாலும் திருத்தும் நொடியில்தான். அடி அதற்கு ஒரு தாளம், அவ்வளவே. அடியே இல்லாத ஜோடிகளும் ஏராளம்.

கேள்வி: அடியை நியாயப்படுத்துகிறீர்கள். குழந்தைகள் பார்க்க மாட்டார்களா?

பதில்: இந்தச் சண்டை ஜப்பானிலேயே பழசு. 1969 முதல் 1985 வரை சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வந்த 'டிரிஃப்டர்ஸ்' என்ற நகைச்சுவைக் குழுவின் நிகழ்ச்சியைப் பெற்றோர் சங்கங்கள் கடுமையாகச் சாடின. மட்டமான கொச்சை நகைச்சுவை வருகிறது, பிள்ளைகள் அதையே செய்து காட்டுகிறார்கள் என்பது அவர்கள் கவலை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1973-இல் 50.5 சதவீதப் பார்வையாளர்களை அடி மட்டுமா இழுத்தது? அரங்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. குழுவில் ஒருவரான ஷிமுராவின் பின்னால் பேய் வந்து நிற்கும், அரங்கம் நிறையக் குழந்தைகள் "ஷிமுரா, பின்னாடி!" என்று கத்துவார்கள். 1984-இல் இருமா நகர அரங்கில் மின்சாரம் போனபோது கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடர்ந்தார்கள். அந்த ஒழுங்கைப் பாருங்கள், அப்புறம் திட்டுங்கள்.

கேள்வி: ரகுகோ?

பதில்: ஒருவரே உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் மேடைக்கலை, அதில் ஊறியவரைக் கேளுங்கள். டிவியில் ரகுகோ கலைஞர்களைப் பார்க்க, 1966 முதல் ஓடும் 'ஷோட்டென்' போதும். நல்ல பதிலுக்கு உட்காரும் மெத்தை ஒன்று கூடும், சொதப்பினால் பிடுங்குவார்கள்.

கேள்வி: டகேஷிஸ் காஸில் மாதிரி வேறு நிகழ்ச்சி?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், அது விளையாட்டு.

கேள்வி: இப்போது எதில் தொடங்கலாம்?

பதில்: 'எம்-1' என்ற மான்சாய் போட்டியின் இறுதிச் சுற்று. 2001-இல் தொடங்கியது, பரிசு 1 கோடி யென். ஜோடி சேர்ந்து 15 ஆண்டைத் தாண்டாதவர்களுக்கு மட்டும் இடம். முழு உருப்படியாகப் பாருங்கள், வெட்டிய துண்டு வேண்டாம். சுக்கோமியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.