மஞ்சள் பீற்றூட்டில் வீட்டிலேயே சாறு பிழியலாமா? சிவப்பைவிட அது நல்லதா?

தாராளமாகப் பிழியலாம். நல்லதா என்றால், எங்கள் வீட்டுக்கு நல்லது. காரணம் அம்மா.

கிளிநொச்சியில் இருக்கிறோம். போன வருடம் ஒரு காலை, சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று அம்மா கிணற்றடியில் நின்று அழாக்குறையாகச் சொன்னார். வவுனியாப் பக்கத்து உறவுகளில் சிறுநீரக நோயால் படுத்தவர்களைப் பார்த்தவர் அவர். வேறு எதை நினைப்பார்? ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, நேற்று என்ன குடித்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு தம்ளர் பீற்றூட் சாறு! சிவப்புக் கிழங்கின் பீட்டாசயனின் என்ற நிறமி சிலருடைய உடலில் சிதையாமல் அப்படியே வெளியேறிவிடும். மஞ்சளின் நிறம் பீட்டாசாந்தினால் வருவது. அது இப்படிப் பயமுறுத்தாது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் தப்பும்.

இங்கே சந்தையில் நான் மஞ்சள் பீற்றூட்டைக் கண்டதில்லை. கொழும்பிலிருந்து தம்பி அனுப்பிய விதையை மார்கழி மழை ஓய்ந்ததும் பாத்தியில் போட்டேன். சிவப்பைப் போல எல்லாம் முளைக்காது, கொஞ்சம் தாராளமாகவே விதையுங்கள். இரண்டு மாதத்தில் தேசிக்காயைவிடச் சற்றுப் பெரிய கிழங்குகள் வந்தன.

கோல்ட் பிரஸ் இயந்திரம் என்னிடம் இல்லை. பெயர்தான் புதிது, தேங்காய்ப்பால் பிழிவதும் சூடேற்றாமல் பிழிவதுதானே! அரை கிலோ கிழங்கு, இரண்டு கரட், சுண்டுவிரல் அளவு இஞ்சி. எல்லாவற்றையும் துருவி, வெள்ளைத் துணியில் கட்டி, கை நோகும்வரை முறுக்கிப் பிழிகிறேன். ஒரு தம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேறும். சூடு காட்டாத சாறு என்பதால் கிழங்கைத் தேய்த்துக் கழுவித் தோலையும் சீவிவிடுங்கள், மாட்டெரு போட்ட மண்ணில் விளைந்தது அல்லவா.

மஞ்சளில் ஒரே தொல்லை, வெட்டிய முகம் சீக்கிரம் கறுத்துப்போகும். முதல்தடவை துருவி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன்; திரும்பி வந்தபோது பொன்னிறம் போய்ச் சேற்று நிறமாகக் கிடந்தது. இப்போது துருவும்போதே பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிடுகிறேன். புளிப்பு கறுப்பதைத் தாமதப்படுத்தும், பீற்றூட்டின் மண்வாசனையையும் அடக்கும். அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் முதல் மழையில் மண்ணிலிருந்தும் எழுகிறது. மழையில் பிடிக்கும், தம்ளரில் எனக்குப் பிடிக்காது. மஞ்சளில் அது குறைவாகவே நாக்கில் படுகிறது.

கண்ணாடிப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வைக்கவேண்டாம். இடையில் நெடுநேரம் மின்சாரம் நின்றிருந்தால் வெளியே ஊற்றிவிடுங்கள்.

நிறம் மாறினாலும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஒட்சலேட்டு என்ற பொருள் இரண்டிலும் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம். நார் சக்கையோடு போய்விடுவதால் நீரிழிவுக்காரருக்கும் சாறு உகந்ததல்ல. சக்கையை எறியாதீர்கள்; தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறை வறுக்கலாம். அம்மா இப்போது சாற்றைத் தொடுவதில்லை, வறையை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.