மெய்நிகர் கணினியின் நெட்வொர்க்கும் விழுந்துபோகும் கெர்னலும்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவிய ஒரு கணினியில் கேவிஎம் என்னும் லினக்ஸ் வசதியின் வழியாக மூன்று மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கப்படும் தனிக் கணினிகள்) இயக்குகிறோம். மூன்றும் பிரிட்ஜ் முறையில் (மென்பொருள் சுவிட்ச் ஒன்றின் வழியாக) நெட்வொர்க்குடன் இணைந்துள்ளன. அவற்றுள் ஒன்றிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது, சில வேளைகளில் கணினி முழுவதும் உறைந்து, விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அந்த மெய்நிகர் கணினியை இருமுறை புதிதாக நிறுவியும் பயனில்லை. கோளாறு எங்கே உள்ளது?

பதில்: விளக்கு அவ்வாறு சிமிட்டுவது, ஹோஸ்ட் கணினியின், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் உண்மையான கணினியின், கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதியே) செயலிழந்துவிட்டது என்பதற்கான அடையாளம். மெய்நிகர் கணினிக்குள் நேரும் கோளாறு அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும் என்பதால், அதை மீண்டும் நிறுவியதில் பலன் கிடைக்காதது வியப்பில்லை. மெய்நிகர் கணினியின் விர்ட்ஐஓ கார்டு (மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான மென்பொருள் நெட்வொர்க் கார்டு) அனுப்பும் தரவைப் பெரும்பாலான அமைப்புகளில் ஹோஸ்ட் கெர்னலின் வீஹோஸ்ட்-நெட் என்னும் பகுதி பெற்றுக்கொள்கிறது. அந்தத் தரவு டேப் என்னும் மெய்நிகர் இடைமுகத்தையும் பிரிட்ஜையும் கடந்து உண்மையான நெட்வொர்க் கார்டின் டிரைவரை (அதை இயக்கும் நிரலை) அடைகிறது. இவை அனைத்தும் ஹோஸ்ட் கெர்னலுக்குள் நடப்பவை. ஓரிடத்தில் நினைவகத்தைத் தவறாகத் தொட்டாலும் மொத்தமும் விழக்கூடும். 2019-இல் வெளிப்பட்ட சிவிஇ-2019-14835 என்னும் எண்ணில் பதிவான பாதுகாப்புக் குறை இதற்குச் சான்று: வீஹோஸ்டில் லினக்ஸ் கெர்னலின் 2.6.34 பதிப்பிலிருந்தே இருந்துவந்த அந்தப் பிழையால், ஒரு மெய்நிகர் கணினியை இயங்கும் நிலையிலேயே வேறு ஹோஸ்டுக்கு மாற்றும்போது, அதற்குள் இருப்பவர் ஹோஸ்டையே வீழ்த்த முடிந்தது. உங்களுடையது அதே பிழை என்று நான் சொல்லவில்லை, வழி ஒன்றுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் தடயத்தைச் சேகரியுங்கள். வட்டில் எழுத வேண்டிய கெர்னலே நின்றுவிடுவதால், வழக்கமான பதிவேட்டில் கடைசி வரிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. கேடம்ப் வசதியை நிறுவினால், துவக்கத்திலேயே சிறிது நினைவகம் ஒதுக்கிவைக்கப்பட்டு, பேனிக் (கெர்னல் மீள முடியாமல் நின்றுவிடுவது) நேரும்போது அங்கிருந்து இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தை வட்டில் பதிந்துவைக்கும். நெட்கன்சோல் வழியாகச் செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பவும் முடியும். ஆனால் சந்தேகத்துக்குரிய கார்டின் வழியாகவே அனுப்பினால், திருடனிடமே சாவியைக் கொடுத்த கதையாகிவிடும்.

கிடைக்கும் அறிக்கையில் ஆர்ஐபி (RIP) என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். பிழை நேர்ந்த செயற்கூறும், சதுர அடைப்புக்குள் அதன் மாட்யூல் (கெர்னலில் தனியே ஏற்றப்படும் பகுதி) பெயரும் அங்கே இருக்கும். அதன்கீழ் உள்ள அழைப்பு வரிசை, தரவு எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும். டெயின்டட் (Tainted) என்ற சொல்லுக்குப் பின் 'ஓ' (O) என்னும் எழுத்து இருந்தால், கெர்னலுக்கு வெளியே உருவாக்கப்பட்ட மாட்யூல் ஏற்றப்பட்டுள்ளது. முதலில் அதை நீக்கிச் சோதியுங்கள். 'டி' (D) இருந்தால் இதற்கு முன்பே ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது கையில் இருப்பது பின்விளைவுதான். நம்பத்தக்கது முதல் அறிக்கை மட்டுமே.

பெரிய கோப்புகளின்போது மட்டும் விழுகிறது என்பதால், என் முதல் சந்தேகம் டிஎஸ்ஓ மீதுதான். 64 கேபி வரையிலான தரவுத் துண்டை அப்படியே கார்டிடம் ஒப்படைத்து, 1500 பைட் அளவுள்ள பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் வேலையை அதனிடமே விட்டுவிடும் ஏற்பாடு இது; டிரைவரில் குறை இருந்தால், இத்தகைய சுமையில்தான் வெளிப்படும். ஈத்டூல் கட்டளையால் ஹோஸ்டின் உண்மையான கார்டுக்கு டிஎஸ்ஓவையும், அதைப் போலவே தரவைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ இரண்டையும் நிறுத்திவிட்டு அதே கோப்பை நகலெடுங்கள். சிபியூ சுமை கூடும். சோதனைக்கு அது பரவாயில்லை. அப்போதும் விழுந்தால், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் அமைப்பில் அந்த மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் இடைமுகத்தின் டிரைவர் பெயரை க்யூஎம்யூ என்று மாற்றுங்கள். வீஹோஸ்ட் விலகி, அதன் வேலை கெர்னலுக்கு வெளியே இயங்கும் க்யூஎம்யூ என்னும் சாதாரண நிரலுக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். மெய்நிகர் கணினிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, ஐபெர்ஃப் என்னும் நெட்வொர்க் சோதனைக் கருவியைக் கொண்டு ஹோஸ்டிலிருந்து மட்டும் சுமை கொடுத்தும் பாருங்கள். அப்போதும் விழுந்தால், மெய்நிகர் கணினிகளைக் குறைசொல்ல இடமில்லை. துவக்கத்தில் தோன்றும் கிரப் பட்டியலில் உள்ள பழைய கெர்னலிலும், நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்டிலும் தலா ஓர் இரவைச் செலவிடலாம்.

கேள்வி: ஹோஸ்ட் நன்றாக இயங்க, மெய்நிகர் கணினியின் கெர்னல் மட்டும் விழுந்தால்?

பதில்: அது எளிது. விர்ட்ஐஓ கார்டுக்குப் பதிலாக இன்டெல் கார்டைப் போலவே நடந்துகொள்ளும் இ1000இ மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள். விழுவது நின்றுவிட்டால், பழுது உள்ளே இருக்கும் விர்ட்ஐஓ டிரைவரின் பாதையில் இருக்கக்கூடும். உறைந்த நிலையிலேயே விர்ஷ் டம்ப் கட்டளையால் அதன் நினைவகத்தை வெளியிலிருந்து கோப்பாக எடுத்து ஆராயவும் முடியும்; அதற்குமுன் மறுதுவக்கம் செய்துவிடாதீர்கள்.